காலிங்கராயன் அணையும் கடைமடைப் பாசனமும்

ஆற்றில் புதுவெள்ளம் வரும் காலத்தில் அணைக்கட்டின் அருகே வந்து நிற்கும் கடைமடைக் குடியானவருக்கு மனவருத்தம் தரும் காட்சி ஒன்று உண்டு. அணையின் முகட்டுக்கு மேலே ஜலம் நுரைத்து வழிந்துகொண்டிருக்கும். தலைமதகின் வழியே கால்வாயிலும் நீர் நிறைந்து செல்லும். அவருடைய வயலிலோ நட்ட பயிர் வாடிக்கொண்டிருக்கும். “அணை வழிகிறது, என் வயலுக்கு மாத்திரம் நீர் ஏன் வரவில்லை?” என்று அவர் கேட்பார். சிலர், “அணையை இன்னும் இரண்டு அடி உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும்” என்று யோசனையும் கூறுவர்.

இக்கேள்வி நியாயமானதே. ஆனால் இதற்குரிய விடை அணையில் இல்லை. அணைக்கும் வயலுக்கும் இடையே இருக்கிறது. அவ்விடையைக் காண்பதற்கு, சிறு அணை என்பது யாது, அது செய்யக்கூடிய வேலை எது, செய்யமுடியாத வேலை எது என்பவற்றை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம். ஈரோடு மாவட்டத்தில் பவானி நகரின் அருகிலுள்ள காலிங்கராயன் அணையை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயம் இங்கே விளக்கப்படுகிறது.

1. அணையும் தேக்கமும்

ஏரி என்பது மழை நீரையும் ஓடை நீரையும் கரை கட்டித் தேக்கி வைக்கும் இடம். பெரிய நீர்த்தேக்கம் என்பது ஒரு நதியின் வெள்ளத்தையே மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் இடம். இவ்விரண்டும் தானியக் குதிரைப் போன்றவை. விளைந்த காலத்தில் நிரப்பி, வேண்டிய காலத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

ஆற்றின் குறுக்கே கட்டப்படும் சிறு அணைக்கட்டு இவ்வகையைச் சேர்ந்ததன்று. அது நீரைச் சேமித்து வைப்பதில்லை. நீரின் மட்டத்தை உயர்த்துகிறது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. வயல்கள் மேட்டில் இருக்கின்றன. ஆற்றின் குறுக்கே கற்சுவர் ஒன்று எழுப்பினால், அதன் பின்புறத்தில் நீர் மட்டம் சில அடிகள் உயரும். அவ்வுயரத்திலிருந்து கரையோரமாக ஒரு கால்வாயை வெட்டி, ஆற்றைவிடக் குறைந்த சரிவில் கொண்டுசென்றால், ஆறு தாழ்ந்துகொண்டே போகக் கால்வாய் உயர்ந்தே நிற்கும். சில மைல் தூரத்துக்கு அப்பால் ஆற்றுக்கும் கால்வாய்க்கும் இடையே அகன்ற நிலப்பரப்பு ஒன்று கால்வாயின் மட்டத்துக்குக் கீழே அமையும். அந்நிலமே ஆயக்கட்டு எனப்படும்.

ஆகவே அணை நீரைப் படைப்பதில்லை, சேர்த்து வைப்பதுமில்லை, ஆற்றில் வரும் நீரை வயலுக்குச் செல்லும் வழியில் திருப்பிவிடுகிறது, அவ்வளவே. ஆற்றில் நீர் வரத்து நின்றால் சில தினங்களுக்குள் கால்வாயும் நிற்கும். அணையின் மேல் வழிந்தோடும் ஜலம் கால்வாயின் கொள்ளளவுக்கு மேற்பட்டது. அணையை உயர்த்திய மாத்திரத்தில் அது கடைமடைக்குச் சென்றுவிடாது. கால்வாயின் அளவு பழையபடியே இருக்க, தலைமதகில் அதிக நீரைப் புகுத்தினால் கரை உடையும். மேல்மடை வயல்கள் மூழ்கும். அணைக்கு மேற்புறத்திலுள்ள நிலங்களிலும் நீர் ஏறும். கடைமடை வறண்டபடியே இருக்கும்.

2. அணையின் அங்கங்கள்

சிறு அணைக்கு முக்கியமான அங்கங்கள் ஐந்து. முதலாவது, ஆற்றின் குறுக்கே நிற்கும் அணைச்சுவர். வெள்ளக் காலத்தில் நீர் இதன் முகட்டின்மேல் தடையின்றி வழிந்து செல்லவேண்டும். இரண்டாவது, சுவரின் கீழ்ப்புறத்தில் கல் பாவிய தளம். மேலிருந்து விழும் நீர் மண்ணைக் குடைந்து அஸ்திவாரத்தைப் பெயர்த்துவிடாமல் இத்தளம் காக்கிறது. பல அணைகள் கெடுவதற்குக் காரணம் சுவரின் பலவீனமன்று. இத்தளத்தில் பெயர்ந்த கற்களைக் காலத்தில் திரும்பப் பதிக்காமையே.

மூன்றாவது மணற்போக்கி. ஆறு நீரோடு மணலையும் கொண்டுவருகிறது. அணையின் பின்னால் வேகம் குறைவதால் மணல் அங்கே படியும். மணற்போக்கியின் வாய் ஆற்றின் அடிமட்டத்தில் அமைந்திருக்கும். வெள்ளக் காலத்தில் அதைத் திறந்தால், நீர் பாயும் வேகத்தில் தலைமதகின் முன்னே கிடக்கும் மணல் அடித்துச் செல்லப்படும். காவிரியில் மணல் மேடிட்டு, தஞ்சைக்குச் செல்லவேண்டிய நீர் கொள்ளிடத்தில் இறங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. அக்குறையை நீக்கவே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்லணையில் மணற்போக்கிகள் அமைக்கப்பட்டன. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையையும் கட்டினார். கல்லணை போன்ற பேரணைக்கே மணல் பகையாயிற்று எனில், சிறு அணைகளைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

நான்காவது தலைமதகு. கால்வாயில் எவ்வளவு நீர் புகவேண்டும் என்பதை நிர்ணயிப்பது இதுவே. ஐந்தாவது கால்வாயும் அதன் கிளைகளும் மடைகளும். முதல் நான்கு அங்கங்களும் ஒரே இடத்தில் இருப்பதால் ஓர் அதிகாரியும் சில ஊழியர்களும் பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவது அங்கமோ மைல் கணக்கில் நீண்டு கிடப்பது. அதைக் காப்பது குடியானவர்கள் அனைவரின் கையிலும் இருக்கிறது.

3. காலிங்கராயன் அணை

பவானி நதி நீலகிரி மலையில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடிப் பகுதியினூடே சென்று, மீண்டும் தமிழ்நாட்டுக்குள் திரும்பி, பவானி நகரில் காவிரியோடு கலக்கிறது. அது கலப்பதற்குச் சற்று முன்னர் அதன் குறுக்கே கட்டப்பட்டதே காலிங்கராயன் அணை. காவிரியிற் கலந்துவிட்டால் பின்னர் பவானியின் நீரை இப்பகுதி நிலங்களுக்குத் திருப்ப இயலாது. ஆதலின் அந்நதியின் நீரைப் பிடிப்பதற்குரிய கடைசி இடம் இதுவே எனலாம்.

கொங்கு நாட்டில் பாண்டியர் ஆட்சி நடைபெற்ற 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வெள்ளோட்டைச் சேர்ந்த காலிங்கராயன் என்னும் தலைவர் இவ்வணையையும் கால்வாயையும் அமைத்தார் என்பர். வேலை 1271-ஆம் ஆண்டில் தொடங்கி 1283-இல் நிறைவேறியதாக வழங்கி வருகிறது. கால்வாயின் நீளம் ஏறக்குறைய 56 மைல். அது காவிரியின் மேல்கரையை ஒட்டியே ஈரோடு, கொடுமுடிப் பகுதிகள் வழியாகத் தெற்கு நோக்கிச் சென்று, நொய்யல் ஆற்றில் முடிகிறது. அதன் ஆயக்கட்டு 15,743 ஏக்கர். நெல், கரும்பு, வாழை, மஞ்சள் ஆகிய பயிர்கள் இக்கால்வாயால் விளைகின்றன.

இக்கால்வாய் நேராகச் செல்லாமல் பாம்புபோல் வளைந்து வளைந்து செல்கிறது. பாம்பு ஒன்று முன்னே ஊர்ந்து வழி காட்டியது என்றும், அவ்வழியே கால்வாய் வெட்டப்பட்டது என்றும் ஜனங்கள் கதை சொல்வர். கதையின் உட்பொருள் கவனிக்கத்தக்கது. மேட்டைக் குடையாமலும் பள்ளத்தில் இறங்காமலும் நிலத்தின் ஒரே மட்டத்தைப் பின்பற்றிச் செல்லும் வாய்க்கால் வளைந்துதான் செல்லவேண்டும். நேராக வெட்டியிருந்தால் சரிவு மிகுந்து, நீரின் வேகம் கரையை அரித்திருக்கும். கால்வாய் விரைவில் பள்ளத்தில் இறங்கி, பாசனம் பெறும் நிலமும் குறைந்திருக்கும். வளைவு மிகுந்ததால் அதிக நிலம் பயன் பெற்றது. மட்டக்கருவிகள் இன்றுள்ளபடி இல்லாத காலத்தில், நீரையே மட்டக்கோலாகக் கொண்டு இவ்வேலை செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.

காலிங்கராயனைப்பற்றி மற்றொரு செய்தியும் வழங்குகிறது. தம் சொந்த நிலங்களுக்கு நீர் கொணரவே அவர் கால்வாய் வெட்டினார் என்று சிலர் பழி கூறினராம். அது கேட்டு அவர், தாமும் தம் சந்ததியாரும் இந்நீரால் பயன் கொள்வதில்லை என்று சபதம் செய்து, பொள்ளாச்சியை அடுத்த ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பர். பொதுநீரை நிர்வகிப்பவர்மேல் ஐயம் எழுதல் எக்காலத்துக்கும் உரியது என்பதையும், அவ்வையத்துக்கு இடமின்றி நடத்தலே நிர்வாகத்தின் முதல் தகுதி என்பதையும் இச்செய்தி நினைவூட்டுகிறது.

4. நீர்க் கணக்கு

அணையின் பயனைக் கடைமடைக்குக் கொண்டுசேர்க்க விரும்பும் ஒவ்வொரு குடியானவரும் ஒரு சிறு கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஓடும் நீர் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86,400 கன அடி ஆகும். ஓர் ஏக்கர் நிலத்தின்மேல் ஓர் அங்குல உயரம் நீர் நிற்பதற்கு 3,630 கன அடி வேண்டும். எனவே வினாடிக்கு ஒரு கன அடி நீர், ஒரு நாளில் ஏறக்குறைய 24 ஏக்கருக்கு ஓர் அங்குலம் வீதம் பாயும்.

ஒரு கிராமத்தை உதாரணமாகக் கொள்வோம். அதன் கிளை வாய்க்காலில் வினாடிக்கு 2 கன அடி நீர் வருகிறது. ஆயக்கட்டு 120 ஏக்கர். ஐந்து நாட்களுக்கு ஒரு முறை எல்லா நிலமும் நீர் பெறவேண்டும். ஐந்து நாட்களில் வரும் மொத்த நீர் 240 ஏக்கருக்கு ஓர் அங்குலம், அதாவது 120 ஏக்கருக்கு இரண்டு அங்குலம் பாயப் போதுமானது.

இப்பொழுது அந்நிலத்தை மேல்மடை 40 ஏக்கர், நடுமடை 40 ஏக்கர், கடைமடை 40 ஏக்கர் என மூன்றாகப் பிரிப்போம். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு அங்குலம் கிடைக்கவேண்டும். மேல்மடையினர், “நாளைக்கு நீர் வருமோ வராதோ” என்னும் அச்சத்தால் மூன்று அங்குலம் பாய்ச்சிக்கொள்கின்றனர். நடுமடையினர் தமக்குரிய இரண்டு அங்குலத்தோடு நிறுத்துகின்றனர். அப்பொழுது கடைமடைக்கு எஞ்சுவது ஓர் அங்குலமே. இவ்வளவும், வாய்க்காலில் நஷ்டமே இல்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. வாய்க்காலில் கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டி, கரையில் நண்டு வளைகள் இருந்து, வரும் நீரில் ஆறில் ஒரு பங்கு வழியிலேயே கசிந்து போகுமாயின், அந்த ஓர் அங்குலமும் போய்விடும். கடைமடைக்குக் கிடைப்பது பூஜ்யம்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அணை தன் வேலையைக் குறைவறச் செய்தது. தலைமதகு கிராமத்துக்குரிய நீரை ஒரு துளியும் குறையாமல் கொடுத்தது. மேல்மடையில் கூடுதலாகப் பாய்ந்த ஓர் அங்குலமும், வழியில் ஒழுகிய ஆறில் ஒரு பங்கும் சேர்ந்து, நாற்பது ஏக்கர் பயிரை வாடச் செய்தன. மேல்மடையினர் களவு செய்யவும் இல்லை. கெடுதி நினைக்கவும் இல்லை. அச்சமே அவர்களை அவ்வாறு செய்யத் தூண்டியது. முறை தவறாமல் நீர் வரும் என்னும் நம்பிக்கை ஏற்பட்டால் அவ்வச்சம் தானே நீங்கும்.

மேலும், அதிகமாகப் பாய்ச்சிய நீரால் மேல்மடையினருக்கும் லாபமில்லை. மஞ்சள் வயலில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். நெல்லுக்குங்கூட எப்பொழுதும் நீர் நிறுத்த வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டால் நீர் மிச்சமாவதோடு விளைவு குறைவதுமில்லை என்று விவசாய ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கின்றனர். ஆனால் பூக்கும் தருணத்தில் நெல்வயல் காயலாகாது. காய்ச்சலும் பாய்ச்சலும் என்னும் சொல் நம் குடியானவர்கள் வாயில் நெடுங்காலமாக வழங்குவதே.

5. முறைப்பாய்ச்சல்

மேற்கூறிய கணக்கிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. ஐந்து நாட்களுக்கு மணி 120. நிலம் 120 ஏக்கர். ஆகவே ஏக்கருக்கு ஒரு மணி நேரம். மூன்று ஏக்கர் உடையவருக்கு மூன்று மணி. அரை ஏக்கர் உடையவருக்கு அரை மணி. கடிகாரம் பார்க்கத் தெரிந்த எவரும் இம்முறையைச் சரிபார்க்கலாம். நீரின் அளவும் நிலத்தின் அளவும் வேறானால் மணிக்கணக்கும் வேறாகும்; கணக்கிடும் வழி ஒன்றே.

இம்முறையில் ஒரு சிக்கல் உண்டு. ஐந்து நாட்கள் சரியாக முடிந்து மறுமுறை அதே காலை நேரத்தில் தொடங்கினால், ஒருவருக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு வந்த முறை எக்காலத்திலும் இரவு பன்னிரண்டு மணிக்கே வரும். பாம்புக்கும் பள்ளத்துக்கும் அஞ்சி இருட்டில் மடை திறப்பவர் எப்பொழுதும் ஒருவராகவே இருத்தல் நியாயமன்று. பெண்கள் தனியே விவசாயம் செய்யும் குடும்பங்களுக்கு இது பெருந்துன்பம். இதற்கு ஒரு பரிகாரம் உண்டு. ஐந்து நாள் முறை முடிந்ததும் அடுத்த 12 மணி நேர நீரை ஊர்க் குட்டைக்கு விட்டு, மறுமுறையை மாலையில் தொடங்கலாம். அப்பொழுது முன்பு இரவு முறை பெற்றவர் பகலிலும், பகல் முறை பெற்றவர் இரவிலும் பெறுவர். ஆடுமாடுகளுக்குக் குடிநீர் கிடைக்கும். குட்டையை அடுத்த கிணறுகளும் ஊறும். இடைவெளி ஐந்து நாளிலிருந்து ஐந்தரை நாளாக நீளுமேயன்றி வேறு நஷ்டமில்லை.

பஞ்ச காலத்தில் முறையைக் கடைமடையிலிருந்து தொடங்குதல் நலம். கடைமடைக்கு நீர் சேரும்வரை மேல்மடை மடைகள் அடைத்திருக்குமாதலால், கசிவும் திருட்டும் எங்கே நிகழ்கின்றன என்பது உடனே வெளிப்படும்.

மடைகளைத் திறந்து மூடும் வேலை ஒருவர் பொறுப்பில் இருத்தல் வேண்டும். நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, கம்புகட்டி என்று பல ஊர்களில் பல பெயரால் வழங்கிய ஊழியர்கள் பண்டு இவ்வேலையைச் செய்து, அறுவடையில் நெல்லாக ஊதியம் பெற்றனர். எல்லா ஆயக்கட்டுதாரரும் ஊதியம் கொடுத்ததால் அவ்வூழியர் எல்லோருக்கும் பொதுவானவராக இருந்தார். மேல்மடைக்காரர் ஒருவரே கூலி கொடுத்தால் அவர் மேல்மடையின் ஆளாகிவிடுவார். ஊதியம் பொதுநிதியிலிருந்து கொடுக்கப்படவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

6. குடிமராமத்தும் ஐக்கியமும்

வாய்க்காலைத் தூர் எடுத்துக் கரை கட்டும் வேலையை ஊரார் தாமே செய்துகொள்ளும் வழக்கம் குடிமராமத்து எனப்பட்டது. ஆங்கில அரசாங்கம் 1858-ஆம் ஆண்டில், இவ்வேலைக்கு வராதவரைக் கட்டாயப்படுத்துவதற்கென ஒரு சட்டத்தையே இயற்றிற்று. ஆயினும் வழக்கம் பல ஊர்களில் நாளடைவில் தளர்ந்தது. சட்டத்தால் ஓர் ஆளை வேலைக்கு வரச் செய்யலாம். ‘இது என் வாய்க்கால்’ என்னும் எண்ணத்தை உண்டாக்க இயலாது. 2000-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் விவசாயிகள் பாசன முறைகளைத் தாமே நிர்வகிப்பதற்கான சட்டம் இயற்றப்பட்டு, நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு வழி செய்யப்பட்டது. 2017-இல் குடிமராமத்து என்னும் பழைய பெயராலேயே அரசாங்கம் மராமத்து வேலைகளைத் தொடங்கிற்று. சட்டமும் பணமும் இவ்வாறு வந்தாலும், ஊரார் ஒன்றுகூடாவிடில் அவை நிலைத்த பலன் தரமாட்டா.

வேலையைப் பங்கிடும் விதம் கணக்கோடு இருத்தல் வேண்டும். மேற்சொன்ன கிராமத்தின் கிளை வாய்க்கால் 2,400 கஜம் என்றால் ஏக்கருக்கு 20 கஜம் ஆகும். மூன்று ஏக்கர் உடையவர் 60 கஜம் தூர் எடுக்கவேண்டும். வர இயலாதவர் அதற்குரிய கூலியைச் செலுத்தவேண்டும். “என் நிலம் முதல் மடையில் இருக்கிறது, கடைசி மடைவரை நான் ஏன் வெட்டவேண்டும்?” என்று மேல்மடைக்காரர் கேட்கக்கூடும். கீழே வாய்க்கால் தூர்ந்தால் நீர் பின்னுக்கு எதிர்த்து மேல்மடையில் மட்டம் ஏறும். கரை அங்கே உடையும். பயிர் அங்கே மூழ்கும். ஆதலின் கடைமடையைச் சுத்தம் செய்வது மேல்மடையைக் காப்பதே என்பதை அவருக்கு எடுத்துக்காட்டவேண்டும்.

1904-ஆம் ஆண்டில் திரூரில் முதல் ஐக்கிய நாணய சங்கம் தோன்றிய காலத்தில், தனித்து நின்றால் கடன் கிடைக்காத சிறு குடியானவர்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெறலாம் என்னும் உண்மை நமது நாட்டில் நிரூபிக்கப்படலாயிற்று. நீர் விஷயத்திலும் அதே தத்துவம் பொருந்தும். பணம் கடன் வாங்கியவர் திருப்பித் தராவிடில் மற்ற அங்கத்தினர் நஷ்டமடைகின்றனர். நீரை அளவுக்கு மிஞ்சி எடுத்தவர் மடையை மூடாவிடில் கீழேயுள்ளவர் நஷ்டமடைகின்றனர். வித்தியாசம் ஒன்றே: பணக்கடனுக்குப் பத்திரம் உண்டு, நீர்க்கடனுக்குப் பத்திரம் இல்லை. அதனால் முறைக் கணக்கைப் புத்தகத்தில் எழுதி வைத்தல் மிகவும் அவசியம். யார், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை நீர் பெற்றனர் என்பதை எழுதி, அப்புத்தகத்தை யாவரும் பார்க்கும் இடத்தில் வைக்கவேண்டும். வசூலான தொகைக்கும் செலவான தொகைக்கும் ரசீது வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஊர்க்கூட்டத்தில் படித்துக்காட்ட வேண்டும். எழுதப்படாத கணக்கே ஊர்ச் சண்டைக்கு மூலகாரணம் என்பது அனுபவத்தில் கண்டது.

சங்கத்தின் நிர்வாகக் குழுவில் மேல்மடை, நடுமடை, கடைமடை மூன்றிலிருந்தும் பிரதிநிதிகள் இருத்தல் வேண்டும். குத்தகைக்கு உழுபவரையும் பெண் விவசாயிகளையும் விலக்கலாகாது. நீரைப் பாய்ச்சுபவர் அவர்களே.

7. பெரிய தேக்கமும் பழைய அணையும்

காலிங்கராயன் அணை பன்னூறு ஆண்டுகள் பவானியின் இயற்கையான வரத்தையே நம்பியிருந்தது. 1948-இல் தொடங்கி 1955-இல் நிறைவேறிய பவானிசாகர் அணையால் நிலைமை மாறிற்று. நதியின் வெள்ளம் அத்தேக்கத்தில் நிறுத்தப்படுகிறது. அங்கிருந்து ஆற்றில் விடப்படும் நீரை, முதலில் கோபிசெட்டிபாளையத்தின் அருகிலுள்ள கொடிவேரி அணை பிடித்துத் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களுக்குத் திருப்புகிறது. பின்னர் காலிங்கராயன் அணை பிடிக்கிறது. இம்மூன்று வாய்க்கால்களின் பழைய ஆயக்கட்டு சேர்ந்து 40,247 ஏக்கர். தேக்கத்திலிருந்து நேரே புறப்படும் கீழ்பவானிக் கால்வாயோ 2,07,000 ஏக்கர் புதிய ஆயக்கட்டை உடையது; அதில் பாதி நிலம் ஒரு பருவத்திலும் மறுபாதி மறுபருவத்திலும் நீர் பெறுகின்றன.

இதனால் கிராமத்தின் மேல்மடை, கடைமடைப் பிரச்சினையே நதி முழுவதற்கும் விரிந்தது. பழைய ஆயக்கட்டினர் தம் நெடுங்கால உரிமையைக் கூறுகின்றனர்; புதிய ஆயக்கட்டினர் தம் நிலத்தின் பரப்பையும் தேவையையும் கூறுகின்றனர். இரு சாராரும் உழைப்பாளிகளே; இரு சாராருக்கும் நியாயம் உண்டு. ஓரிடத்தில் விரயமாகக் கருதப்படும் நீர் மற்றோரிடத்தில் பயனாவதும் உண்டு. மேலே செல்லும் கீழ்பவானிக் கால்வாயின் கசிவு கிணறுகளை ஊறச் செய்வதால், அக்கால்வாய்க்குக் காங்கிரீட் தளம் அமைக்கும் திட்டத்தை விவசாயிகளில் ஒரு பகுதியினர் எதிர்த்தனர். கடைமடைக்கு நீர் சேரவேண்டும் என்று மற்றொரு பகுதியினர் அதை ஆதரித்தனர். கசிவை முற்றும் நஷ்டம் என்றோ, முற்றும் லாபம் என்றோ கூறுவதற்கில்லை. அது எங்கே சென்று, யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கண்டே தீர்மானிக்கவேண்டும்.

அளவைப் போலவே நீரின் சுத்தமும் பாதுகாக்கப்படவேண்டும். காலிங்கராயன் கால்வாய் ஈரோடு நகரினூடே செல்வதால், சாயப்பட்டறை, தோல் பதனிடும் தொழிற்சாலை ஆகியவற்றின் கழிவும் நகரச் சாக்கடையும் அதிற் கலந்து பயிருக்கும் கிணற்றுக்கும் தீங்கு விளைத்தன. கழிவுநீரைத் தனியே பிரித்துச் செலுத்துவதற்காகக் கால்வாயை ஒட்டிச் சிறு வாய்க்கால் ஒன்று பின்னர் கட்டப்பட்டது. நகரத்தார் இக்கால்வாயைச் சாக்கடையாகக் கருதாமல், கீழேயுள்ள வயல்களின் உயிராகக் கருதும்வரை இவ்வித ஏற்பாடுகள் முழுப்பலன் தாரா. நீரின் அளவில் கடைமடையினருக்கு நேரும் அநீதியே, நீரின் சுத்தத்திலும் அவர்களுக்கு நேர்கிறது.

8. கிராமத்தார் செய்யத்தக்கவை

முதலாவது, நீர் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னரே வாய்க்கால் முழுவதையும் ஊரார் சேர்ந்து நடந்து பார்த்து, தூர்ந்த இடம், உடைந்த கரை, பழுதான மடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, தம்மால் செய்யக்கூடிய வேலையையும், நீர்வளத்துறையினர் செய்யவேண்டிய வேலையையும் தனித்தனியே எழுதி, பின்னதைக் காலத்தில் மனுவாகக் கொடுக்கவேண்டும். அணைச்சுவர், தளம், தலைமதகு, மணற்போக்கி ஆகியவற்றில் கிராமத்தார் தாமே கைவைக்கலாகாது.

மூன்றாவது, ஏக்கருக்கு இத்தனை மணி என்று முறைப்பட்டியல் எழுதி, மடைக்கு அருகே யாவரும் பார்க்க ஒட்டவேண்டும்.

நான்காவது, கணக்குப் புத்தகமும் பொதுநிதியும் வைத்து, நீர் பாய்ச்சும் ஊழியருக்கு அந்நிதியிலிருந்தே ஊதியம் கொடுக்கவேண்டும்.

ஐந்தாவது, சச்சரவு நேர்ந்தால் அன்றே வாய்க்கால் கரையில் கூடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். பயிர் வழக்குமன்றத்தின் தவணைக்குக் காத்திருக்காது.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். அணை வழிந்தும் கடைமடை ஏன் வறண்டது? அணை கொடுப்பது மட்டம். பங்கு கொடுப்பது மனிதர். காலிங்கராயன் எழுப்பிய அணையும் வெட்டிய கால்வாயும் பலமுறை பழுது பார்க்கப்பட்டு எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பயன் தருகின்றன. நீரைப் பங்கிடும் ஏற்பாடோ ஆண்டுதோறும், முறைதோறும் புதிதாகக் கட்டப்படவேண்டியது. அந்த இரண்டாவது அணையை ஊரார் ஒற்றுமையாகக் கட்டி வைத்திருக்கும் கிராமத்தில், கடைமடைக் குடியானவர் ஆற்றங்கரைக்குச் சென்று வழியும் நீரைப் பார்த்து வருந்தமாட்டார். தமக்குரிய மணி வரும்போது மண்வெட்டியுடன் தம் மடையில் நிற்பார்.

வாசகசாலைகளிலும் ஊர்க்கூட்டங்களிலும் ஆலோசிப்பதற்குரிய வினாக்கள்

1. ஏரிக்கும் அணைக்கட்டுக்கும் உள்ள வேறுபாடு யாது? உங்கள் ஊர்ப் பாசனம் எவ்வகையைச் சேர்ந்தது?

2. அணையை உயர்த்துவதால் மட்டும் கடைமடைக்கு நீர் சேராது என்பதன் காரணம் யாது?

3. வினாடிக்கு 3 கன அடி நீர் வரும் வாய்க்காலில், 216 ஏக்கருக்கு இரண்டு அங்குலம் வீதம் பாய்ச்ச எத்தனை நாட்கள் வேண்டும்? (விடை: நஷ்டம் நீங்கலாக ஏறக்குறைய 6 நாட்கள்.)

4. உங்கள் வாய்க்காலில் எந்த இடத்தில் நீர் அதிகமாக வீணாகிறது? அதைத் தடுக்க எத்தனை ஆள் வேலை வேண்டும்?

5. இரவு முறை எப்பொழுதும் ஒருவருக்கே வாராமல் இருக்க உங்கள் ஊரில் என்ன ஏற்பாடு செய்யலாம்?

6. நீர் முறைக் கணக்கை எழுதும் பொறுப்பை யாரிடம் ஒப்படைக்கலாம்? அதைச் சரிபார்ப்பவர் யார்?